‘விடுங்க’ என்றது யாரிடம்

கைகலப்புன்னு எழுதாதீங்க ஏட்டக்கா. அந்தச் சொல்லை அடிச்சிடுங்க. கை கலக்கணும்னா ரெண்டு பேரோட கையும் வேணும். என் கை அப்ப என்கிட்ட இல்லை, அவர் பிடியில இருந்தது. பாருங்க, மணிக்கட்டு எந்தப் பக்கம் திரும்பி நிக்குதுன்னு. இதுக்குப் பேரு கைகலப்பா? ஆஸ்பத்திரிக்கு அப்புறம் போலாங்க. முதல்ல சொல் சரியா விழட்டும்.

கோபிச்சுக்காதீங்க, நான் இப்படித்தான். என்னை வராந்தாவில கண்டாலே எங்க வாத்தியாருங்க வேற படிக்கட்டுல இறங்கிடுவாங்க. கோகிலவாணி, எம்.ஏ. மொழியியல் ரெண்டாம் வருசம், படிக்கறது கோயம்புத்தூர், சொந்த ஊர் நம்பியூர். எழுதிட்டீங்களா? சரி.

அந்தப் பெஞ்சுல உக்காந்திருக்காங்களே, சிந்தாத்திரை அக்கா, அவங்களை உங்க ஸ்டேஷன் ரைட்டர் “ஏய், காலை மடக்கி உக்காருடி”ன்னார். அடிபட்டவரோட மச்சினர் உள்ள வந்தப்ப அதே வாய் “வாங்க சார், ஃபேன் போடவா”ன்னுது. அதையும் ஒரு ஓரத்துல எழுதிக்குங்க. எழுத மாட்டீங்க. தெரியும்.

முதல்ல இருந்தே சொல்றேன், அப்பத்தான் உங்களுக்கு விளங்கும்.

ஊர்வாய்னு ஒரு இணைய அகராதிங்க. யார் வேணும்னாலும் அவங்க ஊர்ச் சொல்லை ஏத்தலாம், பொருள் எழுதலாம், அடுத்தவங்க எழுதினதைத் திருத்தலாம். சம்பளம் கிடையாது, சண்டை உண்டு. ‘வெஞ்சனம்’னா குழம்பா, தொட்டுக்கறதான்னு காலையில ஆரம்பிப்பாங்க. மத்தியானத்துக்குள்ள ஒருத்தரோட அம்மா வரைக்கும் போயிருக்கும். பொம்பளைப் பிள்ளைங்க ஒவ்வொருத்தரா கழண்டுக்கிட்டாங்க. அதனாலதான் நடத்தை விதிகள் வேணும்னு நான் நின்னேன். சும்மா நிக்கலை, எல்லாரோடயும் சண்டை போட்டு நின்னேன்.

சர்வரைப் பாத்துக்கறது இளம்பரிதின்னு ஒருத்தர், பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை. அவர் எங்கேயோ இருந்து ஒரு ஆங்கில மாதிரியைக் கொண்டுவந்தார். ‘அடுத்தவர் மனம் நோகும்படி நடந்துகொள்ளக் கூடாது, விருப்பமில்லாதவர் பின்னால் போகக் கூடாது, அச்சமூட்டக் கூடாது.’ நான் சிரிச்சேன்.

“மனசு நொந்துச்சா இல்லையான்னு எதை வச்சுங்க அளப்பீங்க? தர்மாமீட்டரா?”

“புரிஞ்சுக்கலாங்க கோகிலா, ஆளைப் பாத்தா தெரியாதா?”

“ஆளைப் பாத்து நியாயம் சொன்னா அது பஞ்சாயத்துங்க, விதி இல்லை.”

எல்லாத்தையும் அடிச்சேன். நான் எழுதினதைப் பாத்தீங்கன்னா கல்லுல வெட்டின மாதிரி இருக்கும். யாரையும் ஒருமையில் விளிக்கக் கூடாது. டா, டி, லே, வே எதுவும் ஆகாது. வசைச் சொல் கூடாது. சாதி கேட்கக் கூடாது. அடிப்பேன், வெட்டுவேன் என்று எழுதக் கூடாது. மீறினால் எச்சரிக்கை, மூன்றாவது எச்சரிக்கையோடு வெளியேற்றம். வெளியேற்றப்பட்டவர் எங்கள் கூடுகைகளுக்கும் வரக் கூடாது. உச்சியில பெரிய எழுத்துல, ‘சொல்லைப் பார், ஆளைப் பார்க்காதே.’

இளம்பரிதி கேட்டார், “ஒருமை கூடாதுன்னுட்டு நீங்களே ‘பார்’னு எழுதியிருக்கீங்களே?”

“அது விளி இல்லைங்க, முழக்கம்”னேன்.

எங்க ஊர்ல மூணு வயசுக் குழந்தையைக்கூட “வாங்க தங்கம், பால் குடிங்க”ன்னுதான் சொல்வோம். நாய்க்கு மட்டும்தான் ஒருமை. அதுவும் அடுத்த வீட்டு நாய்க்கு. மரியாதை இருக்கற இடத்துல அடிதடி வராதுங்கறது என்னோட வாதம். இப்பவும் அதுதான். கையைப் பாக்காதீங்க, வாதத்தைப் பாருங்க.

சிந்தாத்திரை அக்கா தூத்துக்குடி. துறைமுகத்துப் பக்கம் ஜெராக்ஸ் கடை. கடைக்கு வர்றவங்க வாயில என்ன சொல் விழுதோ அதை ஏத்திடுவாங்க. வந்த புதுசுல எனக்கு ஒரு குறிப்புப் போட்டாங்க: “ஏ பிள்ள கோகிலா, சாப்ட்டியா? கச்சான் காத்துக்கு நீ எழுதுன அர்த்தம் தப்பு. நான் மாத்திட்டேன், பாத்துக்கோ.”

‘சாப்ட்டியா’, ‘நீ’, ‘பாத்துக்கோ’, மூணும் ஒருமை. எச்சரிக்கை போட்டேன். முகம் தெரியாதவங்களை ‘சாப்ட்டியா’ன்னு கேக்கலாமா? அதுக்கு அவங்க பதில், “சரிங்க மேடம். இனி வாங்க போங்க தான். போதுமாடி?”

அந்த ‘டி’க்கு ரெண்டாவது எச்சரிக்கை.

சிரிக்கறீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. சிரிச்சா விதி செத்துரும், தெரியுங்களா? அதுக்கப்புறம் அவங்க எனக்கு எழுதறதே குறைஞ்சு போச்சு. நான் கவலைப்படலை. சொற்கள் வந்துக்கிட்டுத்தான் இருந்தது.

இப்ப சுகவனம். சேலத்துக்காரர், நூல் கமிஷன் கடை, நாப்பது வயசு இருக்கும். உலகத்துல இருக்கற சொல்லெல்லாம் சேலத்துல பிறந்துச்சுன்னு ஏத்துவார். ஆதாரம் கேட்டா “எனக்குத் தோணுச்சுங்க”. நான் அத்தனையும் நீக்கினேன். நானூறு சொல்லுக்கு மேல இருக்கும். அவர் கோபமே படலைங்க. ஒரு சொல் தவறா வராது. எழுத்துக்கு எழுத்து ‘ங்க’. என்னோட விதிகளை அவ்வளவு சுத்தமா கடைப்பிடிச்சவர் வேற யாருமில்லை. அதைச் சொல்லித்தான் ஆகணும்.

அவர் எனக்கு எழுதினதைச் சொல்றேன், அப்படியே எழுதிக்குங்க. “அம்மணி, நேத்து பச்சைச் சுடிதார்ல காந்திபுரத்துல பஸ்ஸுக்கு நின்னீங்க. துப்பட்டா ரொம்ப நீளமுங்க. சக்கரத்துல மாட்டிக் கழுத்து முறிஞ்சா யாருங்க பொறுப்பு?”

அடுத்த வாரம், “உங்க விடுதியோட பின்பக்கச் சுவர் தாழ்வா இருக்குதுங்க அம்மணி. உங்க ஜன்னலுக்குக் கொக்கியும் சரியில்லை. ஆசிட் பாட்டில் இப்பெல்லாம் கடையிலயே கிடைக்குதுங்க. காலம் கெட்டுக் கிடக்குது.”

எனக்குப் பயமா இல்லையான்னு கேக்கறீங்க. ஜன்னலை மூடிட்டு வேர்வையில குளிச்சுக்கிட்டுக் கிடந்தேன். பச்சைச் சுடிதாரை அறைத் தோழிகிட்டக் குடுத்திட்டேன். அப்புறம் அவங்களையும் அதைப் போடாதீங்கன்னு சண்டை போட்டுப் பிடுங்கி எரிச்சேன். அது வேற. பயம் ஒரு உணர்ச்சி, விதிமீறல் ஒரு சங்கதி. ரெண்டையும் குழப்பக் கூடாதில்லைங்களா?

புகார் குடுத்தேன். என் புகாரை நானே விசாரிக்கறது முறையில்லை, இளம்பரிதிகிட்ட ஒப்படைச்சேன். அவர் உடனே, “தூக்கிடலாங்க, இவன் ஆபத்தான ஆள்”னார்.

“எந்த விதிங்க?”ன்னேன்.

“கோகிலா, அவன் ஆசிட்ங்கறான்!”

“கடையில கிடைக்குதுன்னார். ஊத்துவேன்னு எங்க சொன்னார்? ‘முறிஞ்சா’ங்கறது நிபந்தனை எச்சம். யார் முறிக்கறாங்கன்னு எழுவாயே இல்லை. அக்கறைன்னும் வாசிக்கலாமே?”

மூணு நாள் வாதாடினோம். நான்தான் ஜெயிச்சேன். என் புகாரை நானே தள்ளுபடி பண்ணவெச்சேன். இளம்பரிதி அலுத்துப்போய், “உங்களைக் கொன்னாக்கூட வாக்கியத்தைப் பிரிச்சுப் பாத்துட்டுத்தான் சாவீங்க”ன்னார். அதுல ஒருமை இல்லை, விட்டுட்டேன்.

ஆனா அந்தக் குறிப்புகள் எல்லாரும் பாக்கற பக்கத்துல கிடந்தது. சிந்தாத்திரை அக்கா கண்ணுல பட்டுடுச்சு. ஒரே வரிதான் எழுதினாங்க: “லேய் சுகவனம், அந்தப் பிள்ள கிட்ட ஒருக்கா நெருங்குன, கொடல உருவி வலையில கோத்துருவேன்.”

லேய். ஒருமை. கொலை மிரட்டல். ஒரு வரியில மூணு மீறல். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் எல்லாம் தெளிவா இருக்கற வாக்கியம், எப்படிங்க காப்பாத்தறது? மூணாவது எச்சரிக்கை, வெளியேற்றம். ஆணையை நானே எழுதினேன். ‘திருமதி சிந்தாத்திரை அவர்கள் சக பங்களிப்பாளர் திரு. சுகவனம் அவர்களுக்குப் பொதுவெளியில் கொலை மிரட்டல் விடுத்தது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டதால்.’ நல்ல தமிழ்ங்க. கீழ என் பேர்.

எனக்காகப் பேசினவங்க, அதனாலயே விட்டுடலாம்னு இருந்திருந்தா அப்புறம் நான் யாரு? எனக்கு வேண்டியவங்களுக்கு ஒரு விதி, வேண்டாதவங்களுக்கு ஒரு விதியா?

அவங்க போன் பண்ணினாங்க.

“வெளியேத்துனது நீதானா?”

“விதிங்கக்கா.”

“சரி. கதவப் பூட்டிப் படு.” வச்சுட்டாங்க.

இன்னிக்கு இந்த ஊர்ல எங்க கூடுகை. கல்யாண மண்டபத்து மாடியில வாடகைக்கு ஒரு கூடம். அறுபது எழுபது பேர் வந்திருந்தாங்க. சுகவனம் வெள்ளைச் சட்டை போட்டு, பேர் அட்டையை நெஞ்சுல குத்திக்கிட்டு, எல்லாருக்கும் கும்பிடு போட்டுட்டு உக்காந்திருந்தார். அவர் மேல தீர்ப்பு எதுவும் இல்லை, எப்படித் தடுக்கறது?

சிந்தாத்திரை அக்காவும் வந்து நின்னாங்க. தூத்துக்குடியில இருந்து விடியக்காலம் பஸ் ஏறி. நானே வாசலுக்குப் போனேன். வேற யாராவது சொன்னா மரியாதையாச் சொல்ல மாட்டாங்கன்னு.

“நீங்க உள்ள வரக் கூடாதுங்க.”

“நான் உள்ள வர வரல. அவன் வந்திருக்கானா?”

“அது உங்களுக்குத் தேவையில்லைங்க.”

“என்னத்துக்கு எனக்கு நீங்க வாங்கன்னு இழுக்குற? நான் என்ன செத்தா போயிட்டேன்?”

நான் வாசலை மறிச்சு நின்னேன். அவங்க பின்பக்க முற்றத்துல போய் நின்னாங்க. வெயில்ல நிக்கறாங்களேன்னு வாட்ச்மேன் ஒரு இரும்பு மடக்கு நாற்காலியைப் பிரிச்சுப் போட்டுட்டுப் போனார். முற்றம் எங்க வாடகைக்குள்ள வராது. அதனால நானும் விட்டுட்டேன்.

சாப்பாட்டு நேரத்துல குழாயில தண்ணி நின்னுபோச்சு. தொட்டியைப் பாக்க மொட்டைமாடிக்கு ஏறினேன். பின்பக்கப் படிக்கட்டு. ஒடுக்கம். பாதி ஏறினதும் பின்னால, “அம்மணி, ஒரு நிமிசம் பேசலாங்களா?”

திரும்பறதுக்குள்ள வலது கையைப் பிடிச்சுட்டார். பிடிச்சு முதுகுக்குப் பின்னால கொண்டுபோய் மேல தூக்கினார். “என் சொல்லெல்லாத்தையும் திருப்பிப் போட்டுடுங்க. தயவுசெஞ்சு.” நான் ஆதாரம் இல்லைங்கன்னேன். நிஜமா அதைத்தாங்க சொன்னேன். அவர் என் தலையைச் சுவத்துல மோதினார். சிமெண்ட்டுப் பூச்சு பல்லுல நறநறன்னுது. “வலிக்குதுங்களா?”ன்னு கேட்டார். மறுபடி மோதினார். “சத்தம் போடாதீங்க. சாப்பிடறவங்களுக்குத் தொந்தரவு.” அப்புறம் கையைத் திருகினார். துணி பிழியற மாதிரி. உள்ள முருங்கைக்காய் ஒடிக்கற சத்தம் கேட்டுச்சு. எனக்கு வலிக்கறதுக்கு முன்னால சத்தம்தான் கேட்டுச்சு. “முடிஞ்சுதுங்க, முடிஞ்சுதுங்க, கொஞ்சம் பொறுத்துக்குங்க”ன்னார். டாக்டருங்க சொல்ற மாதிரி. என் கண்ணுல ரத்தம் இறங்கிடுச்சு. நான் “விடுங்க, விடுங்க”ன்னு கத்தினேன்.

என்னங்கக்கா? அவர் அவர்ங்கறேனா? வேற எப்படிச் சொல்றது?

சிந்தாத்திரை அக்கா எப்ப ஏறினாங்கன்னு தெரியலை. அவர் எனக்குப் பின்னால படியேறினதை முற்றத்துல இருந்து பாத்திருக்காங்க. அந்த நாற்காலியை மடக்கி எடுத்துக்கிட்டே வந்திருக்காங்க. முதல் அடி அவர் தோள்ல. எலும்பு சட்டைக்கு வெளிய தெரிஞ்சுது. ரெண்டாவது தாடையில. பல்லு என் மேல தெறிச்சு விழுந்துச்சு. ஒவ்வொரு அடிக்கும் ஒரு ‘லேய்’. “லேய், கையவா ஒடிச்ச? லேய், பிள்ளையவா தொட்ட?” நாற்காலியோட கால் வளைஞ்சுபோச்சு. வளைஞ்ச காலாலயும் அடிச்சாங்க. படியெல்லாம் வழுக்குது. நான் கத்திக்கிட்டே இருந்தேன்.

அந்தக் கத்தல்லதாங்க வந்துச்சு வினை.

கீழ சாப்பிட்டுக்கிட்டு இருந்தவங்களுக்குக் கேட்டது ரெண்டே சங்கதி. இரும்புச் சத்தம், என்னோட “விடுங்க, அடிக்காதீங்க, விடுங்க”. மேல வந்து பாத்தா அவர் கிழிஞ்சு கிடக்கறார், நாற்காலி அக்கா கையில. என்ன நினைப்பாங்க? ‘பாவம், அந்தப் பொண்ணு இந்த அம்மாகிட்ட அவரை விடச்சொல்லிக் கெஞ்சியிருக்கு.’ நாலு பேர் உங்ககிட்ட அப்படித்தான் சொல்லியிருக்காங்க. பொய் சொல்றவங்க இல்லை, கேட்டதைச் சொல்றாங்க.

நான் மட்டும் அவரை ‘விடுடா’ன்னிருந்தா தகராறே இல்லை. இல்லை, அக்காவை அவங்க ஆசைப்பட்ட மாதிரி ‘நீ’ன்னு கூப்பிட்டுப் பழகியிருந்தா, ‘விடுங்க’ன்னதும் அது அவருக்குத்தான்னு ஊருக்கே விளங்கியிருக்கும். எல்லாரையும் ஒரே மாதிரி ‘ங்க’ போட்டு வச்சிருக்கேன். யாருக்குச் சொன்னேன்னு அந்தச் சொல்லுல அடையாளமே இல்லை.

சுகவனத்தோட மச்சினர் என்னடான்னா கையில ஒரு காகிதம் வச்சிருக்கார். நான் எழுதின வெளியேற்ற ஆணை. உங்க இன்ஸ்பெக்டர் அதைச் சத்தமாப் படிச்சார். “‘ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது.’ அடேங்கப்பா, எங்க எஃப்.ஐ.ஆரே இவ்வளவு அழகா இருக்காதும்மா. நீயே எழுதிக் குடுத்திட்ட. முன்பகை, மிரட்டல், அப்புறம் ஆயுதத்தோட வந்து காத்திருந்து தாக்குதல்.” நான் சட்டம் பேசினேன். தற்காப்புங்கறது தன் உடம்புக்கு மட்டுமில்லை, அடுத்தவங்க உடம்புக்கும் உண்டுங்கன்னேன். “உண்டும்மா. ஆனா விழுந்து கிடக்கறவனை அடிச்சா அது காப்பா?”ன்னார். “அவன் எப்ப உன் கையை விட்டான், அதுக்கப்புறம் எத்தனை அடி விழுந்துச்சு, அதான் கேள்வி. ஆஸ்பத்திரியில அவன் போயிட்டான்னா கேஸே வேற.”

ஆஸ்பத்திரியில அவருக்கு வாய் வரலைன்னு காகிதத்துல எழுதிக் காட்டினாராம். ‘அந்த அம்மா என்னைக் கொல்லப் பார்த்தாங்க.’ பாருங்க, அப்பவும் ‘பார்த்தாங்க’.

பேனாவை மூடிட்டீங்க. மூடிட்டதால சொல்றேன்.

ரெண்டாவது அடியிலயே என் கையை விட்டுட்டார். படியில சரிஞ்சு கிடந்தார். சிந்தாத்திரை அக்கா நிறுத்தலை. அப்ப நான் கத்தினது அக்காகிட்டத்தான். “போதுங்கக்கா, விடுங்க”ன்னு காலைப் பிடிச்சேன். என் இடுப்புல எத்திட்டு மறுபடி அடிச்சாங்க. ஏன் கெஞ்சினேன்னு கேக்காதீங்க. அவர் மேல இரக்கமெல்லாம் இல்லை. அடிப்பேன்னு எழுதக்கூட ஆகாதுன்னு விதி போட்டதே நான்தான், என்னாலயே கூடுகையில அடி விழுதேன்னு. ரத்தம் வடியற தலையோட அதைத்தாங்க நினைச்சேன்.

சிந்தாத்திரை அக்கா, நீங்க சும்மா இருங்க. நடுவுல பேசாதீங்க. பாருங்க ஏட்டக்கா, பெஞ்சுல இருந்து சொல்றாங்க, “ஏ பிள்ள, எனக்காவப் பொய் சொல்லாத, நான்தான அடிச்சேன், நான் பாத்துக்கிறேன்”னு. என்னத்தைப் பாப்பீங்க? ஜெயில்ல உக்காந்து ஜெராக்ஸ் எடுப்பீங்களா? நீங்க அடிக்கலைன்னு இங்க யாருங்க சொன்னது? நான் சொல்லப்போறது என் வாயில வந்த சொல்லைப் பத்தி. அது என் சொல். அதுக்குப் பொருள் எழுத எனக்குத்தான் உரிமை. வெளியேற்றம் இன்னும் செல்லும், அதுல நான் கை வைக்க மாட்டேன். வேணும்னா மேல்முறையீடு பண்ணுங்க, பரிசீலிக்கிறோம்.

இது பொய்யாங்க ஏட்டக்கா? நீங்க சொல்லுங்க. ‘விடுங்க’ங்கற சொல்லுல அது யாருக்குன்னு எழுத்து இருக்குதா? இல்லை. கேட்ட நாலு பேரும் ஆளைப் பாத்து முடிவு பண்ணினாங்க. நான் சொல்லைப் பாக்கச் சொல்றேன். அவ்வளவுதான்.

பேனாவைத் திறங்க. எழுதுங்க. என் வலது கையை முறித்தவன் கடைசி வரை அதை விடவில்லை. நாற்காலி உடையும் வரை விடவில்லை. விடுங்க, அடிக்காதீங்க, விடுங்க என்று நான் கத்தியது எல்லாமே அவனைப் பார்த்துத்தான். அந்த அம்மா அடித்த ஒவ்வொரு அடியும் அவன் பிடியில் நான் இருக்கும்போது விழுந்தது.

படிச்சுக் காட்டுங்க. ம். ம். ‘எல்லாமே’ங்கறதுக்குக் கீழ ஒரு கோடு போட்டுடுங்க.

கையெழுத்தா? இந்தக் கையில பேனா நிக்காதுங்க. பாருங்க, விரலே மடங்கலை. மை டப்பா இருக்குமில்லைங்க, படிக்காதவங்களுக்கு வச்சிருப்பீங்களே. அதை இப்படித் தள்ளுங்க. இடது கட்டைவிரல் நல்லாத்தான் இருக்கு.